காட்சியும் கடனும்

கண்ணாற் காண்பது குற்றமாகுமா என்ற வினா முதற்பார்வையில் ஒரு வினாவாகவே தோன்றுவதில்லை. எடுத்தல் குற்றமாகலாம், உடைத்தல் குற்றமாகலாம், பொய்யுரைத்தல் குற்றமாகலாம். காண்டலோ எப்பொருளையும் குறைப்பதில்லை. ஆயிரம் பேர் கண்ட பின்னரும் கண்ட பொருள் இருந்தவாறே இருக்கின்றது. ஒழுக்கவியலாளர் செயலையும் சொல்லையும் ஆராய்ந்த அளவிற்குக் காட்சியை ஆராயாமைக்கு இதுவே காரணமாதல் கூடும்.

ஆயினும், நடைமுறை வாழ்க்கையில் பார்வைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டென்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டே வாழ்கின்றனர். பிறர் உண்ணும்போது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றது. செத்தவீட்டுக்குச் சென்றவர் துக்கம் விசாரித்தால் அது முறை; வேடிக்கை பார்த்து நின்றால் அது முறைகேடு. இரண்டிடத்தும் கண் செய்யும் தொழில் ஒன்றே. வேறுபடுவது, காண்பவருக்கும் காணப்படுபவருக்கும் இடையிலான உறவே ஆகும். எனவே, காட்சி அறத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதன் அறம் உறவிலே தங்கியுள்ளது எனக் கொள்ளலாம்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற களம் நூதனசாலை. காண்பதற்கென்றே கட்டப்பட்ட கட்டடம் அது. விடுமுறைக் காலத்தில் தாயும் தந்தையும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தலைநகரொன்றின் நூதனசாலைகளைச் சுற்றிப் பார்த்து வருதல் இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இலண்டன் மாநகரை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2001 ஆம் ஆண்டு திசெம்பர் தொடக்கம் அங்குள்ள தேசிய நூதனசாலைகளின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் புளூம்ஸ்பரியிலுள்ள பிரித்தானிய நூதனசாலை, பிற்பகலில் தென் கென்சிங்ரனிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலை என ஒரு குடும்பம் ஒரே நாளில் எகிப்தையும் கிரேக்கத்தையும் அசீரியாவையும் ஆதி விலங்குகளையும் கண்டு திரும்பலாம். அத்தகைய பயணத்தில் பிள்ளைகள் கேட்கும் வினாக்களுள் இரண்டு மிக எளியவை: "இது இங்கே எப்படி வந்தது?" என்பது ஒன்று. கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் மனித உடலொன்றைச் சுட்டி, "இவர் யார்?" என்பது மற்றது. மேற்கூறிய அறப்பிரச்சினை முழுவதும் இவ்விரு வினாக்களுள்ளும் அடங்கியுள்ளது.

முதலில் நூதனசாலைக்குரிய பெருமையை நடுநிலையோடு கூறுதல் வேண்டும். அரும்பொருள்கள் மன்னரின் கருவூலங்களிலும் செல்வந்தரின் தனியறைகளிலும் அடைபட்டுக் கிடந்த காலம் நீண்டது. சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் சேர்த்துவைத்த 71,000 க்கும் மேற்பட்ட பொருள்களை அடிப்படையாகக் கொண்டு, பாராளுமன்றச் சட்டத்தினால் 1753 இல் நிறுவப்பட்ட பிரித்தானிய நூதனசாலை, 1759 இல் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. தொடக்கத்தில் விண்ணப்பித்துச் சீட்டுப் பெற்றவரே உட்செல்ல முடிந்ததெனினும், மன்னனுக்கன்றி மக்களுக்கு உரிய தொகுதி என்ற கொள்கை அங்கு வேரூன்றியது. கூலித் தொழிலாளியின் பிள்ளையும் பிரபுவின் பிள்ளையும் ஒரே சிலைக்கு முன் நிற்கலாம் என்ற நிலை சிறிய சாதனையன்று.

ஆயின், அதே தொடக்கத்தினுள் வேறொரு செய்தியும் உண்டு. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி, யமேக்காவில் அடிமைகளின் உழைப்பால் நடைபெற்ற கரும்புத் தோட்டங்களிலிருந்து அவருடைய மனைவி வழியாக வந்தது. 2020 இல் நூதனசாலை அவரது மார்பளவுச் சிலையை அது இருந்த பீடத்திலிருந்து அகற்றி, அடிமை முறையோடு அவருக்கிருந்த தொடர்பை விளக்கும் பேழையொன்றினுள் வைத்தது. சிலை அழிக்கப்படவில்லை; அதனைச் சூழ்ந்த சொற்களே மாற்றப்பட்டன. பொருள் அதுவேயாக, காட்சி வேறாயிற்று. காட்சி என்பது கண்ணும் பொருளும் மட்டும் கூடிய நிகழ்ச்சியன்று. அவற்றிடையே நிற்கும் வரலாறும் அதன் உறுப்பே என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

"இது இங்கே எப்படி வந்தது?" என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. விலைக்கு வாங்கப்பட்டவை உண்டு. விரும்பிக் கொடுக்கப்பட்டவை உண்டு. அகழ்வாய்வில் உரிய அனுமதியுடன் பங்கிடப்பட்டவை உண்டு. போரினால் வந்தவையும் உண்டு. றொசெற்றாக் கல் 1799 இல் எகிப்திலே பிரெஞ்சுப் படையினராற் கண்டெடுக்கப்பட்டு, 1801 இல் அவர்கள் தோல்வியுற்றபோது ஆங்கிலேயரிடம் கையளிக்கப்பட்டு, 1802 இல் நூதனசாலையை அடைந்தது. இரு அந்நியப் படைகளிடையே நிகழ்ந்த இக்கொடுக்கல் வாங்கலில் எகிப்திய மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. ஏதென்சு நகரின் பார்த்தினன் கோயிற் சிற்பங்களை எல்ஜின் பிரபு கழற்றிக் கொணர்ந்தார். 1816 இல் பாராளுமன்றம் அவற்றை 35,000 பவுணுக்கு வாங்கியது. அப்போது கிரேக்கம் ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்தது. கொடுத்தவர் உரியவர்தாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மேற்கு ஆபிரிக்காவின் பெனின் அரண்மனையிலிருந்து 1897 இல் ஆங்கிலப் படை அள்ளிச்சென்ற செப்புப் படிமங்களைப் பொறுத்தவரை வாதத்துக்கே இடமில்லை, அது கொள்ளை.

இலங்கையிற் பிறந்தவருக்கு அந்நூதனசாலையிலே தனிக் கவனத்துக்குரிய பொருளொன்று உண்டு. ஏறக்குறைய கி. பி. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பொன் முலாம் பூசப்பட்ட தாராதேவியின் வெண்கலப் படிமமே அது. உயரம் 143 சென்ரிமீற்றர். மகாயான பௌத்தத்தின் கருணைத் தெய்வமாகிய அவளது படிமம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழ்க்கரையிற் கிடைத்தது என்பது நூதனசாலைக் குறிப்பு. 1812 தொடக்கம் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் 1830 இல் அதனை நூதனசாலைக்கு நன்கொடையாக அளித்தார். இடைக்கு மேல் ஆடையின்றி வார்க்கப்பட்ட அப்படிமம் அக்கால ஆங்கிலேயரின் நாணத்துக்கு ஒவ்வாமையால், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பொதுமக்களின் பார்வையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

இங்கு 'நன்கொடை' என்ற சொல் சிந்தித்தற்குரியது. தானத்திற்கு முதல் இலக்கணம், கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுத்தல். பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் பொருளை இறுதியாகக் கைமாற்றியவரின் பெயரைத் தாங்குகின்றன. வார்த்த கொல்லனின் பெயர் அதில் இல்லை. வழிபட்ட ஊரின் பெயர் இல்லை. எந்நாளில் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதும் இல்லை. பொய் எதுவும் எழுதப்படவில்லை. எனினும், உண்மை முழுவதும் எழுதப்படவில்லை. ஒரு பொருளின் ஆயிரத்து இருநூறு ஆண்டு வாழ்வில் இறுதி ஒரு நாளை மட்டும் கூறும் பலகையைப் படித்துவிட்டு நகரும் குடும்பம், அறியாமலே அந்த ஒரு நாளின் கணக்கை ஏற்றுக்கொண்டு நகர்கின்றது.

இதற்கு எதிராக எழுப்பக்கூடிய தடைகள் உள. அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. விடுமுறைக்குச் சென்ற தாய் தந்தையர் எதனையும் கவரவில்லை. கவர்ந்தவர் இறந்து நெடுங்காலமாகின்றது. முன்னோர் வினைக்குப் பின்னோரைக் குற்றவாளியாக்குதல் நீதியன்று. பார்வையாளருட் பலர் ஆங்கிலேயரும் அல்லர். அவ்வாறாயின் அவர்களை நோக்கி அறம் பேசுவது எதற்காக என்பது முதல் தடை.

இத்தடைக்கு விடைகூறுவதற்குக் குற்றம் வேறு, கடன் வேறு என்று பிரித்தறிதல் அவசியம். அயலானின் காணியை வேலி நகர்த்திச் சேர்த்துக்கொண்ட பாட்டனின் பேரன், அக்காணிக் கிணற்றில் நீரள்ளிக் குடித்து வளர்கின்றான் எனக் கொள்வோம். அவன் குற்றவாளி அல்லன். ஆயினும், ஒருநாள் பழைய உறுதி கையிற் கிடைத்து, எல்லை எங்கிருந்ததென்று அவன் அறிந்துவிட்டால், அறியாதவனைப் போல அவன் தொடர்ந்து குடிக்க முடியாது. குற்றம் பரம்பரையாக இறங்குவதில்லை. ஆயின் பயன் இறங்குகின்றது. பயனோடு சேர்த்து, அப்பயனின் மூலத்தை மறைக்காதிருக்கும் கடனும் இறங்குகின்றது. நூதனசாலைப் பார்வையாளன் பயன்பெறுபவன். அவனிடம் குற்றவுணர்ச்சியை எதிர்பார்ப்பது மிகை. மூலத்தை அறிய விரும்புவதை எதிர்பார்ப்பது மிகையன்று.

இரண்டாவது தடை இதனினும் வலியது. அரும்பொருள்கள் ஓர் ஊருக்கோ நாட்டுக்கோ மட்டும் உரியவையல்ல, அவை மனித குலத்தின் பொதுச்சொத்து. உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து கூடும் மாநகரில், பல நாகரிகங்களின் ஆக்கங்களை அருகருகே வைத்துக் காட்டுவதால் ஒப்புநோக்கும் அறிவு வளர்கின்றது. அன்றியும், பிறந்த இடத்தில் இருந்திருந்தால் அவை அழிந்திருக்கவும் கூடும் என்பர். இவ்வாதத்தின் பிற்பகுதியை யாழ்ப்பாணத்தை அறிந்தவர் எளிதில் எள்ளிவிட இயலாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 90,000 க்கும் மேற்பட்ட நூல்களும் அவற்றோடு பெறற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் ஒன்றின் படியேனும் தொலைதூர நாடொன்றின் நூலகத்தில் இருந்திருந்தால் அதனை நன்றியோடு நினையாதவர் இருக்க முடியாது. பொருள்கள் தம் சொந்த மண்ணிலே எப்போதும் பாதுகாப்பாக இருக்கும் என்று கூறுவது வரலாற்றுக்கு மாறானது.

ஆயினும், பாதுகாத்தமை காவலனுக்கு நன்றியைப் பெற்றுத் தருமேயன்றி உரிமையைப் பெற்றுத் தராது. வெள்ளத்திலே அயலவனின் பெட்டகத்தைக் காத்து வைத்திருந்தவன், வெள்ளம் வடிந்தபின் அதனைத் தனதென்று கூறின், அவன் காத்ததன் சிறப்பும் கெடும். மேலும், பாதுகாப்பு எங்கும் முழுமையானதன்று. 2023 ஓகஸ்ட் மாதத்தில், தன் களஞ்சியத்திலிருந்து பல பொருள்கள் காணாமற் போயுள்ளன என்றும் திருடப்பட்டும் சேதப்படுத்தப்பட்டும் உள்ளன என்றும் பிரித்தானிய நூதனசாலையே வெளிப்படையாக அறிவித்தது. அவற்றின் தொகை ஏறக்குறைய 2,000 எனப் பின்னர் கூறப்பட்டது. மனித குலத்தின் பொதுச்சொத்து என்ற வாதமும் ஓரிடத்தில் இடறுகின்றது. பொதுச்சொத்தை அணுகும் வழி பொதுவாக இல்லை. இலண்டனில் வாழும் பிள்ளைக்குத் தாரையின் படிமம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது. அது கிடைத்த கரையிற் பிறந்த மீனவரின் பிள்ளைக்கோ, கடவுச்சீட்டும் விசாவும் அவற்றுக்கு மேலாகப் பெரும் பணமும் வேண்டும். எல்லோருக்கும் உரியதென்று சொல்லப்படும் பொருளை, அதனோடு மிக நெருங்கிய தொடர்புடையோரே மிகக் குறைவாகக் காணமுடிகின்றதாயின், 'எல்லோரும்' என்ற சொல்லின் பொருள் மீள ஆராயப்படல் வேண்டும்.

மீளளித்தல் நிகழ முடியாததொன்றன்று. கண்டி மன்னரின் சிம்மாசனமும் முடியும் இங்கிலாந்திலிருந்து 1934 இல் இலங்கைக்குத் திரும்பின. 1765 இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துச்சென்ற அலங்காரப் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023 இல் இலங்கைக்குத் திருப்பி அளித்தது. இலண்டனிலேயே உள்ள ஹோர்னிமன் நூதனசாலை, பெனின் நாட்டிலிருந்து கவரப்பட்ட 72 பொருள்களின் உரிமையை 2022 இல் நைஜீரியாவுக்கு மாற்றியது. பிரித்தானிய நூதனசாலையோ, 1963 ஆம் ஆண்டுச் சட்டம் மிகச் சில சந்தர்ப்பங்களிலன்றித் தன் பொருள்களை நீக்குவதற்கு இடந்தரவில்லை என்ற நிலையில் நிற்கின்றது. 2024 இல் அசாந்தி மக்களின் பொன்னணிகள் சில கானாவுக்குச் சென்றன; உரிமையாக அல்ல, இரவலாக. கவரப்பட்டதை உரியவருக்கே இரவல் கொடுத்தல் என்ற இந்நிலை, சட்டம் அறத்தை விட்டு எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றது.

எனினும், திருப்பி அளித்தவுடன் வினா முடிவடைந்துவிடும் என்று கருதுவதும் தவறே. தாராதேவி நாளை திரும்பி வருவாளாயின் அவளுக்குரிய இடம் எது? 1877 இல் தேசாதிபதி வில்லியம் கிறெகரி காலத்தில் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிலே அவளுடைய பிரதியொன்று இருக்கின்றது. மூலமும் அங்கேயே இன்னொரு கண்ணாடிப் பேழையினுள் வைக்கப்படுமா? அல்லது கீழ்க்கரைக்கே செல்லுமா? அக்கரையில் இன்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். படிமமோ மகாயான பௌத்தத்திற்குரியது. அம்மரபு இத்தீவில் இன்று வழக்கில் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் அவளை வழிபட்டோர் இன்றைய இனப்பெயர்களுள் எதனைத் தம்முடையதென்று சொல்லியிருப்பர் என்று கேட்பதே பொருந்தாத கேள்வி. ஆகவே, இன்றைய ஓரினம் தன்னை மட்டும் வாரிசாக அறிவித்துக்கொள்ளுமாயின், அது பிறவுண்றிக் செய்ததையே வேறு கைகளாற் செய்வதாகும். அரும்பொருளின் வாரிசு, அதனைப் பேணவும் அதன் முழுக்கதையையும் பிறரோடு பகிரவும் ஆயத்தமாக உள்ளவரே. தலைநகர் மாகாணத்தை நோக்கிக் காட்டும் மனப்பான்மை, பேரரசு குடியேற்ற நாட்டை நோக்கிக் காட்டிய மனப்பான்மையின் சிறு வடிவமாக மாறிவிடல் ஆகாது. இலண்டனிற் கேட்கப்படும் வினாக் கொழும்பிலும் கேட்கப்படல் வேண்டும்.

இனி, பிள்ளையின் இரண்டாவது வினாவை நோக்கலாம். பிரித்தானிய நூதனசாலையின் எகிப்தியப் பகுதியில், ஏறக்குறைய கி. மு. 3400 ஐச் சேர்ந்த ஆணொருவனின் உடல் கிடக்கின்றது. கெபலின் என்ற இடத்து மணலிற் புதைக்கப்பட்டு, அம்மணலின் வெம்மையாலேயே உலர்ந்து கெடாது எஞ்சிய உடல் அது. முழங்கால்களை மடித்துக் குழந்தை உறங்குவது போலக் கிடக்கும் அவனது தலைமயிரின் நிறத்தைக் கொண்டு விளையாட்டாக ஒரு செல்லப் பெயரும் நெடுங்காலம் வழங்கியது. நூதனசாலை பின்னர் அதனைக் கைவிட்டது. 2012 இல் நிகழ்ந்த ஊடுகதிர்ப் பரிசோதனை, அவன் இறக்கும்போது பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட வயதினன் என்றும், முதுகுப்புறமாகக் குத்தப்பட்டு இறந்தான் என்றும் காட்டியது. ஒரு பல்கலைக்கழக மாணவனின் வயது. ஐயாயிரம் ஆண்டு கடந்து வெளிப்பட்ட ஒரு கொலை. அவ்வுண்மை வெளிப்பட்டதும் காட்சிப் பொருள் மறைந்து மனிதன் தோன்றுகின்றான்.

இறந்தவருக்கு உணர்ச்சி இல்லை. ஆதலின் அவருக்குத் தீங்கு செய்தலும் இயலாது என்பார் உளர். அவ்வாறாயின் இறந்தவரின் இறுதி விருப்பத்தை நிறைவேற்றுவதிலும் பொருளில்லை; மரண சாசனங்களும் வெறுந் தாளாகும். எச்சமூகமும் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. இலண்டன் நகரிலேயே இருவர் வரலாறு இதனைத் தெளிவாக்கும். பயன்முதல் வாதத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜெறமி பெந்தம் 1832 இல் இறந்தார். தம் உடலை அறுத்து ஆராய்ந்தபின், எலும்புக்கூட்டுக்குத் தம் ஆடைகளை அணிவித்து இருக்கையில் அமர்த்தி வைக்குமாறு அவர் தாமே சாசனம் எழுதி வைத்தார். பதப்படுத்தல் பிழைத்தமையால் தலைக்குப் பதிலாக மெழுகுத்தலை பொருத்தப்பட்ட அவ்வுரு, 1850 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை அடைந்து இன்றும் அங்கே உள்ளது. பிரித்தானிய நூதனசாலையிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். அதனைக் காண்பதில் வியப்பு உண்டு, சிறிது நகையும் உண்டு. அறத்தடை ஏதும் இல்லை. காணப்படுதலை அவரே விரும்பினார்.

மற்றவர் சார்ள்ஸ் பேண். அயர்லாந்திற் பிறந்த அவர் வளர்ச்சிக் கோளாறொன்றினால் ஏழரை அடிக்கு மேல் உயர்ந்து, இலண்டனிலே தம் உடலைக் காட்டியே பிழைத்து, 1783 இல் இருபத்திரண்டாவது வயதில் இறந்தார். உயிரோடிருந்தபோது காட்சிப் பொருளாக இருந்தது போதும் என்று எண்ணினார் போலும்; இறந்தபின் தம் உடல் சத்திர சிகிச்சை நிபுணர்களின் கையிற் சிக்காதவாறு ஈயப்பெட்டியில் இட்டுக் கடலில் அடக்கஞ் செய்ய வேண்டும் என்று நண்பர்களை வேண்டிக்கொண்டார். ஜோன் ஹன்ரர் என்ற புகழ்பெற்ற வைத்தியர் பணங்கொடுத்து அவ்வுடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெலும்புக்கூடு ஹன்ரேரியன் நூதனசாலையிற் காட்சிக்கு நின்றது. 2023 இல் திருத்த வேலைகளின் பின் அந்நூதனசாலை மீளத் திறக்கப்பட்டபோது அது காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் ஆராய்ச்சிக்கென நூதனசாலையின் கையிலேயே இருந்து வந்தது. பெந்தத்தின் கூட்டையும் பேணின் கூட்டையும் கண்ணால் மட்டும் நோக்கின் இரண்டும் எலும்பே. ஒன்றில் இசைவும் மற்றதில் மறுப்பும் நிற்கின்றன. மனிதனை எக்காலத்தும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற காண்டின் கோட்பாடு, இறந்த மனிதனின் வாசலிலே நின்றுவிடுவதில்லை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

இத்தீவும் இவ்வினாவுக்கு அயலானதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மண்டையோடுகளை அளந்து மனிதரைத் தரம்பிரித்த போலி அறிவியலின் பொருட்டுச் சேர்க்கப்பட்ட வேடர்களின் மண்டையோடுகள் ஒன்பதை எடின்பரோப் பல்கலைக்கழகம் 2019 இல் வேடர் சமூகத்தின் தலைவரிடம் கையளித்தது. அளவைக்குரிய மாதிரிகள் என்ற நிலையிலிருந்து அவை மீண்டும் முன்னோராயின.

இங்கு இன்னொரு வழக்கும் நினைவிற் கொள்ளத்தக்கது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் இடிந்து கிடந்த சிவன் கோயிலின் நிலத்திலிருந்து 1976 இல் வெளிப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டு நடராசர் படிமம், கள்ளச் சந்தை வழியாக இலண்டனை அடைந்து கனடிய நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. செப்பனிடுவதற்காகப் பிரித்தானிய நூதனசாலைக்கு அனுப்பப்பட்டிருந்தபோது, 1982 இல் பொலிசார் அதனைக் கைப்பற்றினர். வழக்கில் 1988 இல் தீர்ப்பளித்த நீதிபதி, கோயிலைக் கட்டியவரின் பக்தி நோக்கம் எண்ணூறு ஆண்டுகளின் பின்னும் அழியாது, கோயிற் சிவலிங்கத்தில் உருக்கொண்டு நிற்கின்றது என்ற கருத்தை ஏற்றார். 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் ஒரு சட்ட ஆளாக நின்று உரிமை கோரலாம் என ஒப்புக்கொண்டது. நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். பாழடைந்த கோயிலொன்று ஆங்கில நீதிமன்றில் வழக்காடி வென்ற இந்நிகழ்ச்சியின் மெய்யியற் பொருள் ஆழமானது. உடைமை என்று கருதப்பட்டது உரிமை கோரும் தரப்பாக எழுந்தது. காணப்பட்டது திரும்பிப் பார்த்தது.

தமிழ் வழக்கிலே கோயிலிற் காண்பதற்குத் 'தரிசனம்' என்று பெயர். அங்கு அடியவர் தெய்வத்தைக் காண்பது பாதி. தெய்வம் அடியவரைக் காண்பது மறுபாதி. வீழ்ந்த வீரனுக்கு நட்ட நடுகல்லும் காண்பதற்கே எழுப்பப்பட்டது. எனினும், அவன் பெயரும் பெருமையும் அதன்கண் பொறிக்கப்பட்டன. வழிச்செல்வோர் அதனை வேடிக்கை பார்க்கவில்லை, நினைந்து சென்றனர். இவ்விரண்டும் காட்சியை இருவழி உறவாகக் கொண்ட மரபுகள். நூதனசாலையைக் கோயிலாக்க வேண்டும் என்பதன்று இதன் கருத்து. காணப்படும் பொருளுக்கும் காண்பவன்மீது ஓர் உரிமை உண்டு என்ற உணர்வு தமிழ் மனத்திற்குப் புதியதன்று என்பதே.

'கண்ணோட்டம்' என்ற சொல்லின் வரலாறும் இதனையே காட்டும். இன்று அச்சொல் ஒருவர் ஒன்றை நோக்கும் கோணத்தைக் குறிக்க வழங்குகின்றது. திருக்குறளில் ஓரதிகாரத்தின் பெயராக நிற்கும் கண்ணோட்டமோ, கண்டவர்மேற் கண் இரங்கிச் செல்லுதலை, அதாவது இரக்கத்தைக் குறிப்பது. பார்வைக் கோணத்திற்கும் பரிவுக்கும் ஒரே சொல் அமைந்தது மொழியின் தற்செயலாயினும், அறவியலுக்கு அது தக்க வழிகாட்டி. கண் எவ்வழி செல்கின்றதோ அவ்வழி மனமும் செல்லாத காட்சி, கண்ணோட்டம் என்ற பெயருக்கு உரியதாகாது.

அவ்வாறாயின் பார்வையாளர் செய்யத்தக்கது யாது? நூதனசாலைகளைப் புறக்கணித்து வீட்டிலிருத்தல் விடையாகாது. காணாமை எவருக்கும் நீதி செய்வதில்லை. மறதியை மட்டும் வளர்க்கும். ஒவ்வொரு பேழைக்கு முன்னும் குற்றவுணர்ச்சியால் தலைகுனிந்து நிற்பதும் விடையாகாது. அங்குள்ளவை அனைத்தும் கொள்ளைப் பொருள்கள் அல்ல. மேலும், அளவிறந்த குற்றவுணர்ச்சி பொருளை மறந்து தன்னையே நோக்கிக் கொண்டிருக்கும் மனநிலை. வேண்டப்படுவன மூன்று எளிய கடன்கள். பொருளின் அழகைக் காணும்போதே அது வந்த வழியைக் கேட்டல் ஒன்று. கேட்டு அறிந்ததைப் பிள்ளைகளிடம் மறையாது, அவர்களின் வயதுக்கேற்பச் சொல்லுதல் மற்றொன்று. நியாயமான மீளளிப்புக்குத் தடையாக நிற்கும் சட்டங்களை மாற்றுமாறு உரியவர் கோரும்போது, பயன்பெற்றவன் என்ற முறையில் அக்கோரிக்கையோடு நிற்றல் மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவது கடனே குடும்பத்திற்குச் சிறப்பாக உரியது. ஏனெனில், நூதனசாலைப் பயணம் பிள்ளைக்கு வரலாற்றை மட்டும் கற்பிப்பதில்லை. பிறருக்குரியதை எவ்வாறு நோக்குவது என்பதையும் கற்பிக்கின்றது. "பழைய காலத்து ஆள், வா, அடுத்ததைப் பார்ப்போம்" என்று இழுத்துச் செல்லப்படும் பிள்ளை, மனிதர் காட்சிப் பொருளாகலாம் என்று கற்றுக்கொள்கின்றது. "இவனுக்கு உன் அண்ணனின் வயது; யாரோ இவனைக் கொன்றுவிட்டார்கள்; இவனை அடக்கஞ் செய்தவர்கள் அன்போடு கைகால் மடித்துப் படுக்கவைத்தார்கள்" என்று கேட்கும் பிள்ளை வேறொன்றைக் கற்றுக்கொள்கின்றது. நூறு அறைகளைச் சுற்றிப் புகைப்படம் எடுத்துத் திரும்புவதினும், ஒரு பேழையின் முன் அரைமணி நேரம் நின்று இவ்வாறு பேசுதல் சிறந்த பயணமாகும்.

ஒழுக்கவியல் பேரரசுகளின் செயல்களை மட்டும் தீர்ப்பிடுமாயின் அது எளிய தொழில். பேரரசுகள் மறைந்துவிட்டன, தீர்ப்பைக் கேட்க எவருமில்லை. அவற்றின் பயன்கள் மறையவில்லை. கட்டணமின்றித் திறந்த வாயில்களின் வழியே நாள்தோறும் அப்பயன்களைப் பெறுவோர் சாதாரண மனிதர்கள். அவர்களுட் பெரும்பாலோர் நல்லவர்கள். அவர்களிடம் நன்மை போதாதிருக்கவில்லை. கேட்கப்படாத ஒரு கேள்வியே எஞ்சியிருக்கின்றது. அக்கேள்வியைப் பிள்ளைகள் இயல்பாகவே கேட்கின்றனர். அதற்குரிய உண்மையான விடையை அறிந்து வைத்திருத்தலே, காண்பதற்குக் கட்டணம் இல்லாத இடத்திலும் காண்போர் செலுத்தவேண்டிய கடனாகும்.